சொட்டாத குழாய்

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று பழமொழி சொன்னவன் எவனோ, அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அந்தத் தெருவில் குடியிருந்த இங்கிலீஷ் டீச்சர் சும்மா விட்டிருக்கமாட்டாள். அந்தப் பழமொழி அவள் வீட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசவும் எழுதவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவள் பெற்ற பெண்ணோ அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பிளம்பர். அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் பல வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க ரெண்டு பேர் கைராசியும் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லை" என்று பிளம்பர் சொல்லிச் சிரிப்பார். டீச்சருக்குச் சிரிப்பு வராது.

அவள் வகுப்பு மற்ற வகுப்புகள் மாதிரி இருக்காது. மாடியில், தகரக் கூரை போட்ட அறை. மேஜையை நடுவில் இழுத்துப் போட்டு, குறுக்கே கயிறு கட்டி, அதில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுவாள். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடக்கும். குழாயின் உடம்பு, தண்டு, வாஷர், மேல் நட், கைப்பிடி. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முன்னால் அதே மாதிரி குழாய் முழுசாக இருக்கும். இவர் அதைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர் மாட்டவேண்டும். புரியாவிட்டால் இங்கிலீஷில் கேட்கலாம். தாய்மொழி வாயில் வந்துவிட்டால் முதலிலிருந்து.

மாட்டி முடித்த குழாயை வராந்தாவில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பில் திருகித் தண்ணீரைத் திறந்துவிடுவாள். சொட்டவில்லை என்றால் இரண்டு பேரும் பாஸ்.

"சொட்டுச்சுன்னா நீ பேசுனது இங்கிலீஷ் இல்லை, சத்தம்" என்பாள்.

மறுநாள் அதையே எழுதவேண்டும். எழுதியதை வேறொரு பிள்ளை படித்து மாட்டவேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான். இரண்டு வேலை எழுதினால் படிக்கிறவன் ஒன்றை விட்டுவிடுவான். இப்படிப் படித்த ஒரு பெண், தன் அம்மா வாங்கிய தையல் மெஷின் உடைந்து வந்தபோது தயாரித்த கம்பெனிக்கே போன் போட்டு, என்ன உடைந்தது, எங்கே உடைந்தது, என்றைக்கு மாற்றித் தருவீர்கள் என்று மூன்றே வாக்கியத்தில் இங்கிலீஷில் கேட்டு, புது மெஷின் வாங்கிவிட்டாள். அந்தக் கதையை டீச்சர் சொல்லாத ஆள் கிடையாது.

குழாய்ச் சாமானெல்லாம் பிளம்பர் பையிலிருந்து போனவைதான். ஒருநாள் அவர் யாரோ வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பையில் வாஷரைத் துழாவியிருக்கிறார். இல்லை. "வாஷர் காலேஜுக்குப் போயிருக்குதும்மா, சாயங்காலம் வந்துரும்" என்றாராம் வீட்டுக்கார அம்மாவிடம்.

அந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் ஒன்றாக வந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, பிளம்பருக்கு அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். வீடு டீச்சர் சம்பளத்தில் ஓடியது. அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. அழகான இங்கிலீஷ் பேசுகிறவர். பேச ஆரம்பித்தால் வாக்கியம் முடிய ஒரு டீ ஆறிவிடும்.

"மேடம், ஹெட்ஃபோன் ரூம் ஒண்ணு போடலாம்னு இருக்கோம். பசங்க காதுல மாட்டிக்கிட்டு மெஷின் சொல்றதைத் திருப்பிச் சொன்னாப் போதும். உங்க வகுப்புல குழாய் மாட்டுறாங்கன்னு கேள்விப்பட்டேன். இங்கிலீஷுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?"

"வந்து பாருங்க சார். பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

"அடுத்த வாரம் வர்றேன். பிடிச்சிருந்தா வகுப்பு இருக்கும். இல்லேன்னா ஹெட்ஃபோன்தான். உங்களுக்கு வருத்தம் இருக்கக்கூடாது."

அவள் நிரந்தர வேலைக்காரி இல்லை. வகுப்பு போனால் வேலையும் போகும். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறும் பருப்பும் பொரித்த முட்டையும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குளியலறையில் குழாய் தன் பாட்டுக்குச் சொட்டியது.

"யாரைப் பேச வைக்கப்போற, டீச்சரம்மா?" என்றார் பிளம்பர். வீட்டில் அவளை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார்.

"வானொலியைத்தான்."

வானொலி என்பது வகுப்பில் ஒரு பையனுக்கு விழுந்த பெயர். திருகிவிட்டால் நிறுத்தாமல் பேசுவான். இங்கிலீஷில் ஒரு தப்பு வராது.

பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் வேண்டாம்மா" என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் வீட்டில் பாப்பாதான். "அவன் பேசுவான். அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குப் புரிஞ்சுதான்னு நின்னு பார்க்கமாட்டான்."

"பிரின்சிபாலுக்கு அந்த மாதிரி இங்கிலீஷ்தான் பிடிக்கும்."

"நீதானே சொல்லுவ, சொட்டக்கூடாது, அதுதான் முக்கியம்னு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. சரியான இடத்தில் குத்தியிருந்தாள் பெண். குத்துப்பட்டவர்கள் பேசுகிற பேச்சையே அவளும் பேசினாள்.

"அவனாவது பேசுறான். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கியா? பெத்த பொண்ணு கடைசி பெஞ்சுல பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா, மத்தவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சரியா பேசினா, டீச்சர் பொண்ணு, பேசாம என்ன செய்வான்னுவாங்க. தப்பா பேசினா, டீச்சர் பொண்ணே இப்படியான்னுவாங்க. அவங்களை விடு. நான் ஒரு வரி பேசி முடிக்கிறதுக்குள்ள நீ மூணு தப்பு எண்ணிடுவ. சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான். எதுக்குப் பேசணும்?"

டீச்சர் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். பெண் சொன்னது உண்மை. தப்பை எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கடைப் பலகை, பஸ் டிக்கெட், மருந்து அட்டை எதுவும் தப்பாது.

பிளம்பர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலைத்தான் கட்டியிருந்தார்கள், மூளையைக் கட்டவில்லை. சனிக்கிழமை டீச்சர் கல்லூரிக்குப் போனதும், மகளை விட்டு வானொலியையும், குழாய் மாட்டப்போகிற ஒல்லி என்கிற பையனையும் வீட்டுக்கு வரவழைத்தார்.

"இங்க பாருங்கப்பா. நான் மொட்டைமாடியில தொட்டிகிட்ட நிப்பேன். என் ஆள் கீழ நிப்பான். கத்தினா கேக்காது. அதனால பைப்புல தட்டுவோம். ஒரு தட்டு, தண்ணியைத் திற. ரெண்டு தட்டு, மூடு. மூணு தட்டு, எங்கயோ ஒழுகுது, நிறுத்து. எந்த ஊர்க்காரனா இருந்தாலும் எங்க தொழில்ல இது புரியும்."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன அங்கிள்?" என்றான் வானொலி.

"நீ பாட்டுக்குப் பேசு. பாப்பா பெஞ்சு எந்தப் பக்கம் இருக்குது? ஒல்லி உக்கார்ற பக்கம். அவன் கை அவளுக்குத் தெரியும். சரியா மாட்டுறானா, ஜன்னல் கம்பியில ஒரு தட்டு. தப்பா, ரெண்டு தட்டு, கழட்டு. மூணுன்னா கையை எடு. பிரின்சிபாலுக்கு என்ன தெரியப்போகுது? ஏதோ ஜன்னல் ஆடுதுன்னு நினைச்சுக்குவாரு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள் பாப்பா.

"அம்மா வேலை போகாம இருக்கணுமா வேண்டாமா?"

அன்பு கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா? அந்த மனுஷன் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். கல்யாணமான புதிதில் வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லாமல், அவர் மேலே நின்று தட்டத் தட்டக் கீழே குழாயைத் திறந்து மூடியது யார் என்பதை.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து மழை. போர்வை துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. பிரின்சிபால் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். டீச்சர் சுவரோரமாகப் போய் நின்றாள்.

வானொலி ஆரம்பித்தான். அடேயப்பா, என்ன இங்கிலீஷ். சபைக்கு வணக்கம் சொல்லி, தண்ணீரின் அருமையைச் சொல்லி, குழாய்க்கு வருவதற்குள்ளேயே பிரின்சிபால் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கம் ஒல்லி தண்டை எடுத்தான், வைத்தான், நட்டை எடுத்தான், முழித்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

ஜன்னல் பக்கம் 'டங்' என்று மெல்ல ஒரு சத்தம். ஒல்லி தண்டை உள்ளே விட்டான்.

மழை வலுத்தது. தகரத்தில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருந்தது. மெல்லத் தட்டியது ஒல்லிக்குக் கேட்கவில்லை. அவன் வாஷரைத் தலைகீழாகப் போட்டான். 'டங் டங்.' கேட்கவில்லை. 'டங் டங்', இன்னும் பலமாக. கழற்றினான், திருப்பிப் போட்டான். 'டங்.'

டீச்சரின் தலை நிமிர்ந்தது. எத்தனையோ மொட்டைமாடிகளிலிருந்து அவளுக்காக இறங்கி வந்த சத்தம் அது. மெதுவாகத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பெண்ணின் ஒரு கை ஜன்னலோரம், கையில் சின்ன ஸ்பேனர்.

பிரின்சிபால் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. "ஜன்னல் ஆடுது போலிருக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவனிடம். ஒல்லி நட்டை இறுக்கிவிட்டான். இனிக் கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. டீச்சர் பேசாமல் நின்றால் போதும். தண்ணீர் சொட்டாது, வேலை நிற்கும், வீடு ஓடும். அவள் அந்தப் போர்வையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அதை நடுவில் கட்டித் தொங்கவிட்டது இதற்காகவா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நிறுத்துப்பா" என்றாள்.

வானொலி நின்றான். அவன் பாதி வாக்கியத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

"சார், இது செல்லாது. ஜன்னல் ஆடலை. தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறாங்க. பேசினது இவன், ஆனா அந்தக் குழாயை மாட்ட வெச்சது இவன் பேச்சு இல்லை. எனக்குத் தெரியாம நடந்தது. இருந்தாலும் என் வகுப்பு, என் பொறுப்பு. மன்னிச்சிருங்க."

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ முடிஞ்சுதா மேடம்?"

"இல்லை சார். இனிமேதான். குழாயைக் கழட்டிப் போடுறேன். நீங்களே அந்தப் பக்கம் உக்காருங்க. வகுப்புல யார் வேணும்னாலும் உங்களுக்குச் சொல்லுவாங்க. யாருன்னு நீங்களே காட்டுங்க."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வார்த்தை வெளியே போய்விட்டது.

"தட்டினது யாரு?" என்றார் அவர்.

கடைசி பெஞ்சில் பாப்பா எழுந்து நின்றாள்.

"உங்க பொண்ணு இல்ல?"

"வகுப்புல ஸ்டூடண்ட் சார்."

"அப்போ இவங்களே சொல்லட்டும்" என்று எழுந்து போர்வைக்கு அந்தப் பக்கம் போனார்.

டீச்சர் மகளைப் பார்த்தாள். வருஷம் முழுக்க வாய் திறக்காத பெண். போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பாப்பா நடந்து வந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழாயைக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மழை கொஞ்சம் தணிந்தது. தணியட்டும் என்றுதான் அவள் காத்திருந்திருக்கிறாள்.

"சார், கேன் யூ ஹியர் மீ?"

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரின்சிபால், தனக்கு நன்றாகவே கேட்கிறது என்றும், இந்த ஏற்பாடு சுவாரசியமாக இருக்கிறது என்றும், இங்கிலீஷில் விரித்துச் சொல்லத் தொடங்கினார்.

"ஷார்ட் ஆன்ஸர், சார். யெஸ் ஆர் நோ."

பெஞ்சுகளில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"யெஸ்" என்றார் பிரின்சிபால்.

அவள் சொன்னாள். பெரிய துண்டை இடது கையில் எடுங்கள். எடுத்தாச்சா? வாய் மேலே பார்க்கட்டும். பார்க்கிறதா? ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. சொல்லிவிட்டு நின்றாள். பதில் வந்தால்தான் அடுத்தது. இங்கிலீஷ் நொண்டி நொண்டித்தான் வந்தது. இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் இல்லை, ஒருமையும் பன்மையும் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு தடவையும் டீச்சரின் நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டாள்.

பிரின்சிபால் அவசரக்காரர். அவள் சொல்வதற்கு முன்னாலேயே எதையோ எடுத்துத் திருகினார். கிரீச்சென்று ஒரு சத்தம். பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பித்தளையோடு பித்தளை உரசினால் எப்படிக் கேட்கும் என்று பிளம்பர் மகளுக்குத் தெரியாதா?

"ஸ்டாப், சார்."

"ஐ திங்க் இட் இஸ்..."

"சார், ப்ளீஸ் ஸ்டாப். யுவர்... ஹேண்ட்ஸ் அப்." ஒரு நொடி திகைத்து, பிறகு நிதானமானாள். "யூ டிட் நாட் புட் வாஷர். ரிமூவ். ஸ்மால் திங். பிளாக் கலர். ரவுண்ட். லுக் அண்டர் யுவர் ஹேண்ட்."

அந்தப் பக்கம் மேஜையைத் துழாவுகிற சத்தம் கேட்டது.

"ஃபவுண்ட் இட்" என்றார் பிரின்சிபால், மிட்டாய் கிடைத்த குழந்தை மாதிரி.

கைப்பிடி வரைக்கும் போனார்கள். அவர் வெளியே வந்தபோது வெள்ளைக் கால்சட்டையில் இரண்டு கறுப்பு விரல் அடையாளம். குழாயை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே வராந்தாவுக்குக் கொண்டுபோனார். பாப்பா பின்னாலேயே போய், எவ்வளவு இறுக்கவேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள். வகுப்பு முழுக்க வாசலில் குவிந்தது. டீச்சர் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிரின்சிபால் குழாயை ஒரு தரம் திறந்து பார்த்தார், மூடினார்.

குழாய் வாயில் ஒரு துளி திரண்டது. தொங்கியது. விழுந்தது. எல்லோரும் அடுத்த துளிக்குக் காத்திருந்தார்கள். பிரின்சிபால் ஈரத்தரையில் முட்டி போட்டு, குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். கை காய்ந்துதான் இருந்தது.

"சொட்டலைங்க" என்றார்.

"தாய்மொழி வந்துருச்சு சார்" என்றான் வானொலி. "முதல்லேருந்து."

பிரின்சிபால் சிரித்த சிரிப்பில் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, டீச்சரைப் பார்த்தார்.

"ஹெட்ஃபோன் ரூமுக்கு வேற வேலை பார்த்துக்கலாம் மேடம். நீங்க நிறுத்தாம இருந்திருந்தா நான் கைதட்டிட்டுப் போயிருப்பேன். போய் மறந்தும் இருப்பேன். போர்வையை மட்டும் மாத்துங்க, ஓட்டையா இருக்கு." பிறகு பாப்பாவிடம் திரும்பி, "என்னை யாரும் இதுவரைக்கும் ஷார்ட் ஆன்ஸர் சொல்லச் சொன்னதில்லை" என்றார்.

அந்தக் குழாய் இப்போது பிரின்சிபால் அறையில் கை கழுவுகிற தொட்டிக்கு மேல் இருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் கை கழுவச் சொல்கிறார். கழுவி முடித்ததும், நான் மாட்டினது, என்கிறார்.

அன்று தாயும் மகளும் ஒரே குடையில் வீட்டுக்கு வந்தார்கள். பாப்பா உடை மாற்ற உள்ளே போனாள். பிளம்பர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவி முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"தட்டினது கேட்டுருச்சா?"

"எத்தனை வீட்டு வாசல்ல நின்னு கேட்டவ நான். எனக்கே தட்டுறீங்களா? அந்தக் கட்டைப் பிரிக்கட்டும், இன்னொரு காலையும் நானே உடைக்கிறேன்."

"வேலை?"

"இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் நிறுத்தியதை, பிரின்சிபால் பாப்பாவைக் காட்டியதை, ஷார்ட் ஆன்ஸரை, வாஷரை. சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. பிளம்பர் டீயைக் குடிக்க மறந்துபோனார்.

"நம்ம பாப்பாவா? பிரின்சிபாலையா நிறுத்தினா?"

"அவரைக் கையைத் தூக்க வெச்சா. போலீஸ் மாதிரி. எனக்கு அப்படியே எழுந்து எல்லார்கிட்டயும், இவ என் பொண்ணு, என் பொண்ணுன்னு சொல்லணும் போல இருந்துச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

உள்ளே பாப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிளம்பர் குரலைத் தாழ்த்தி, ஆனால் உள்ளே கேட்கும்படியாகவே கேட்டார். "சரி டீச்சரம்மா, உண்மையைச் சொல்லு. மொத்தம் எத்தனை தப்பு விட்டா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தெரியலைங்க" என்றாள். "நான் எண்ணலை."